அரிசி டிரம்முக்குள் வைஃபை

தொலைபேசி இலாகாவில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் யார் வீட்டு நெட் நின்றாலும் "திருவேங்கடம் சாரைக் கூப்பிடு" என்பார்கள். நானும் போவேன். ரவுட்டரை முறைத்துப் பார்ப்பேன். அணைத்துப் போடச் சொல்வேன். பாதி நேரம் வந்துவிடும். நான் உட்கார்ந்திருந்தது ஊழியர்களுக்கு லீவு கொடுக்கும் செக்‌ஷனில் என்பதை நானாகச் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் ரவுட்டர் மாட்டியிருந்த சுவரிலேயே ஒழுகல். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எது நனையக் கூடாதோ அது எவர்சில்வருக்குள் போய்விடும். அப்பளம், தீப்பெட்டி, பாஸ்போர்ட், என் பென்ஷன் காகிதம் எல்லாம் அப்படித்தான். ஆகவே நீளமாக ஒரு ஒயர் வாங்கி, ரவுட்டரைச் சமையலறைக்குக் கொண்டுபோய், காலியாகக் கிடந்த இருபது கிலோ அரிசி டிரம்முக்குள் இறக்கினேன். என் வாழ்நாளில் நான் தொட்ட முதல் ஒயர் அது. அது நுழைய மட்டும் இடம் விட்டு மூடியை வைத்தேன். "ஒரு சொட்டு உள்ளே போகாது பார்" என்று மனைவி அம்மிணியிடம் பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் நெட் அவ்வப்போது திணறியது, மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அம்மிணி இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சர். ரிடையராகி இரண்டு வருஷமாக வகுப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்தவள், சாயங்கால வேளைகளில் ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு என்னிடம்கூடச் சொல்லாமல் மனுப் போட்டிருந்தாள். ஆகஸ்டில் டெமோ வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். முக்கோணத்தின் மூன்றாவது பக்கத்தைப் போடுவதற்குள் படம் உறைந்துவிட்டது. மூன்று தடவை உள்ளே போனாள். மூன்று தடவையும் வெளியே தள்ளியது. அடுத்த வியாழன் பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி என்று மெயில் வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

நான் களத்தில் இறங்கினேன். பிளானை நூறிலிருந்து முந்நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றினேன். சுவர் சுவிட்சைப் பத்து தடவை அணைத்துப் போட்டேன். மாடி வீட்டு ஸ்மிதாவிடம், அவள் வைஃபைதான் எங்களுடையதை அமுக்குகிறது என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சண்டை பிடித்தேன். பாவம், அவள் ஒரு நாள் முழுக்க அணைத்து வைத்தாள். அப்போதும் எங்கள் வீட்டில் சக்கரம்தான் சுற்றியது. நெட் கம்பெனிக்கு நாலு புகார் போட்டேன். கடைசிப் புகாரில் "நானும் இந்த லைனில் இருந்தவன்தான்" என்று ஒரு வரி வேறு.

வியாழன் காலை பத்து மணிக்கு லைன்மேன் பைசான் வந்தார். தாராவிக்காரர், தமிழில் பாதி இந்தி கலந்து பேசுவார். வாசலில் ஒயரைச் சோதித்துவிட்டு, "லைன் ஏக்தம் ஓகே அங்கிள். ரவுட்டர் எங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

சமையலறைக்கு அழைத்துப்போய் டிரம்மைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். மூடியைத் திறந்து கையை விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். ரவுட்டர் அப்போதுதான் வெந்த இட்லி மாதிரி கொதித்தது.

"ஸ்டீலுக்குள்ள போட்டு மூடினா சிக்னல் எப்படி அங்கிள் வெளிய வரும்? இதுல சூடாகி அதுவே பந்த் ஆவுது, மறுபடி சாலு ஆவுது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டெலிபோன்ல இருந்தீங்கன்னு சொன்னாங்களே?"

அம்மிணி பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த டிரம்முக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

பைசான் ஹாலின் எதிர்ச்சுவரில், ஈரமில்லாத இடமாகப் பார்த்து, உயரத்தில் ரவுட்டரை மாட்டினார். கால் மணி நேர வேலை. "திறந்த எடத்துல இருக்கட்டும். பிளான் எல்லாம் ஏத்த வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பதினோரு மணிக்கு அம்மிணி கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தாள். நாற்பது நிமிஷம், ஒரு வார்த்தை அறுபடவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்தாள். "எடுத்துண்டுட்டா. திங்கக்கிழமைலேர்ந்து கிளாஸ், நாலுலேர்ந்து ஏழு வரைக்கும்." முகம் அப்படி மலர்ந்திருந்தது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லுங்கோ. மழைக்காகத்தானே அதை உள்ளே வெச்சேள்?" என்றாள்.

"மழைக்குத்தான்" என்றேன். எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் முதல் டெமோ அறுந்த அன்று அவள் சாப்பிடாமல் படுத்திருந்தபோது, என் நாலு மணிக் காபி இனிமேலும் நாலு மணிக்கே வரும் என்று எனக்குள் ஓர் அற்ப நிம்மதி எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் அந்த ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட மூடியைத் திறந்து பார்க்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை.