மேலிருந்து விழும் மாத்திரை

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஜஹீருன்னிசா ஒரு மாத்திரை போட வேண்டும். அதை எடுத்துக் கொடுப்பது அவள் மகள் பானுவின் வேலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் பானு, தாயின் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே விரல்களை நிறுத்தி மாத்திரையை விட்டாள். கை மேல் கை படவில்லை.

"கெட்டிக்காரி" என்றாள் அக்தரி பேகம். அவள் ஜஹீருவின் கணவனுக்கு அக்காள்; ஜஹீரு அவளை 'ஆப்பா' என்றுதான் கூப்பிடுவாள். விதவையாகி வந்ததிலிருந்து ஆம்பூரில் இந்த வீட்டை நடத்துகிறவள். பானுவுக்கு அப்படிக் கொடுக்கப் பழக்கியதும் அவள்தான்.

பானு ஒன்றரை வயதுக் குழந்தையாக இருந்தபோது ஜஹீருவின் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டில் புற்றுநோய். வேலூர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். குழந்தையைத் தூக்காமல் தனியாக இருக்கச் சொன்னார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் கணவன் அமீர் பாஷா அதை வீட்டில் வந்து சொன்னபோது, எத்தனை நாளைக்கு என்பதை விட்டுவிட்டான். வீட்டுப் பெண்களெல்லாம் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட, ஜஹீருவுக்குத் தனித்தட்டு வந்தது. பானு அத்தையின் பக்கத்தில் படுத்து வளர்ந்தாள்.

வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போகும்போது, இது எத்தனை நாளைக்கு என்று ஜஹீரு கேட்டிருக்கலாம். ஆயுசுக்கும் இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதற்குமேல் எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது. கேட்காதவரை அந்த எதிர்பார்ப்பாவது இருந்தது. அதனால் மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வருவாள்.

இந்த வருஷம் அமீர் பாஷாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்தரி துணைக்கு வந்தாள்.

"நல்லா இருக்கீங்க" என்றார் பெண் டாக்டர், கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு. "இந்த வகை கேன்சர் மெதுவா வளரும். சரியா வைத்தியம் பாத்துக்கிட்டா பெரும்பாலானவங்க ரொம்ப வருஷம் நல்லா இருப்பாங்க. சிலருக்குத் திரும்பி வரலாம். அதனால செக்கப்பை விடாதீங்க. மாத்திரை ஆயுசுக்கும்."

அக்தரி குறுக்கிட்டாள். "அது சரிம்மா. இவள இன்னும் எத்தினி வருஷம் தனியா வச்சிக்கணும்?"

"தனியாவா? எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, கொழந்தய தொடக்கூடாதுன்னு."

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "அந்த மருந்து உடம்பை விட்டுப் போற வரைக்கும்தாம்மா. அன்னிக்கு சில நாளுக்குச் சொன்னது. கேன்சர் தொட்டா ஒட்டிக்கிற வியாதியே இல்லை."

திரும்பும் ரயிலில் ஆம்பூர் நெருங்கித் தோல் வாடை வந்ததும் அக்தரி மெல்லக் கேட்டாள். "நீயாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி."

"கேட்டிருக்கலாம் ஆப்பா" என்றாள் ஜஹீரு. அக்தரியின் மேல் வரவேண்டிய கோபம் ஏன் தன் மேலேயே பாதி திரும்புகிறது என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை பானு வழக்கம்போல மாத்திரையை உயரத்தில் பிடித்தாள்.

"கிட்ட போடி. கையில வச்சிக் குடு" என்றாள் அக்தரி.

"ஒட்டிக்கும் அத்த. நீதானே சொன்ன?"

அக்தரி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். ஜஹீருவின் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஒட்டாதுடி. நான் சொன்னது தப்பு. டாக்டரு சொன்னதுல பாதிய காதுல வாங்கிக்கினு, மிச்சத்த பயத்தால ரொப்பிக்கினோம். புரியலன்னா திரும்பிப் போய்க் கேக்கணும். ஒரு கேள்வி கேக்காம, கொழந்தய பெத்தவகிட்டேர்ந்து பிரிச்சி வச்சிட்டோம். நீ பெரியவளானா இத மறக்காத."

பானு அத்தையைப் பார்த்தாள், தாயின் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து மாத்திரையை வைத்தாள். ஜஹீருவின் உள்ளங்கை அந்தச் சின்ன விரல்களோடு சேர்த்து மூடிக்கொண்டது.

அன்று மாத்திரை வயிற்றுக்குப் போகக் கொஞ்சம் தாமதமானது.