பதினேழாவது தாள்

சிவரஞ்சனி மூன்றாவது தடவையாக ஃபேனை நிறுத்தினாள். பிணம் கிடக்கிற வீட்டில், சித்திரை வெக்கையில், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டே அவளை முறைத்தார்கள். முறைக்கட்டும். காற்றுப் பட்டால் கண் காய்ந்துவிடும் என்று கண் வங்கிக்காரர்கள் போனில் சொல்லியிருந்தார்கள். இமைமேல் ஈரப் பஞ்சு, தலைக்கு உயரமாக ஒரு தலையணை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அப்பா சோலையப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது மணி எட்டரை. இப்போது ஒன்று.

"முழுசா வந்த மனுசன். கண்ண நோண்டிட்டு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார் சித்தப்பா நாகராசு.

"ஒங்க சம்மதம் வேணாம் சித்தப்பா. அம்மா கையெழுத்துப் போதும்."

"நாலெழுத்துப் படிச்ச திமிரு."

"ஆமா. திமிருதான்."

அந்த வீட்டிலேயே முதல் டிகிரி அவளுடையது. அதைச் சொல்லித் திட்டாதவர் அந்த வகையறாவில் கிடையாது. போன வருசம் காலேஜ் முகாமில் அவள் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோது, அப்பாதான், "என் பேரையும் போடு. ஏதாச்சும் ஒண்ணு தேறும்" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அம்மா கண்ணாத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பமும் பேனாவும் முன்னால் கிடந்தன. தொடவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொழுந்தனுக்குப் பயப்படுகிறாள் என்று நினைக்க நினைக்க சிவரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் அப்பாவிடமும் இப்படித்தான் எரிந்து விழுந்திருந்தாள்.

கீரனூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் அவளுக்கு டிசைன் வேலை. அதோடு ஏழு மாதமாக ஒரு பைத்தியம்: மறைபடம். பார்வைக்கு வெறும் புள்ளிக் குப்பை. தாளைத் தாண்டித் தூரத்தில் பார்ப்பதுபோல் கண்ணைத் தளர்த்தினால், இரண்டு கண்ணும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து ஒன்றாக்கும். குப்பைக்குள்ளிருந்து ஓர் உருவம் எழுந்து நிற்கும். சென்னையில் ஒரு சிறுவர் பத்திரிகை பன்னிரண்டு படம் கேட்டிருந்தது. கடையில் எல்லோரும் நொடியில் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குப் பழகிப்போச்சு, அப்பாவுக்குத் தெரிந்தால்தான் அனுப்புவது என்று இவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

அப்பா ஒவ்வொரு தாளையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்ப்பார். "இன்னும் மங்கலா இருக்கு புள்ள." அவள் மாற்றினாள். பூப்போட்ட டிசைனில் கண் பூவிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று பூவை எடுத்தாள். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருகிற இடைவெளியை மூன்று அங்குலத்திலிருந்து இரண்டாகக் குறைத்தாள். நிறத்தைக் கூட்டினாள், புள்ளியைச் சிறிதாக்கினாள். பதினாறு தாள் கிழிந்தது. பத்திரிகை கொடுத்த கெடுவும் போயிற்று. ஒருநாள் அப்பாவே தான் வேலை பார்த்த கல் உடைக்கிற கிரஷரிலிருந்து தூக்குவாளியில் ஒரு பிடி ஜல்லி கொண்டுவந்து கொட்டினார். "இத வச்சுப் பாரேன். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது." அதைப் போட்டோ எடுத்துச் செய்தது பதினேழாவது. உள்ளே அவருடைய மொபெட் நின்றது. அவள் செய்ததிலேயே தெளிவானது அதுதான்.

இன்று காலை அதைக் கொடுத்தாள்.

"தெரியுது" என்றார்.

"என்ன தெரியுது?"

"நீயே சொல்லேன்."

"ஒனக்குப் பாக்கவே மனசில்லப்பா. ஏழு மாசமா என்னையத்தான் முட்டாளாக்குற" என்று கத்திவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். தாள் கையில்தான் இருந்தது.

ஒன்றே முக்காலுக்குப் பெட்டியோடு வந்தார் கண் வங்கி ஊழியர் வெற்றிசெல்வன். கையெழுத்தில்லாமல் தொட மாட்டேன் என்றார். சித்தப்பா வாசலை மறித்து நின்றார். சிவரஞ்சனி அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் முக்கா மணி நேரந்தான் இருக்கும்மா."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் பெயரை எழுதினாள். சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இருபது நிமிடத்தில் வெற்றிசெல்வன் வெளியே வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வலது கண்ணு நல்லா இருக்குங்க. இடது தேறாது. பழைய தழும்பு. கல்லு ஏதும் பட்டுச்சா?"

"தூசு விழுந்துச்சுன்னாரு. கடுகாட்டம் வெள்ளைதானே? பார்வைக்கு ஒண்ணுமில்லன்னாரே."

"வெளிய தெரியறது கடுகளவுதான். பாவைக்கு நேரா உள்ள ஆழமா இருக்கு. அந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். பல வருசமா ஒத்தக் கண்ணாலதான் பாத்திருக்காரு."

அவள் திரும்பினாள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ பத்தாவது படிக்கயில சல்லி தெறிச்சிச்சு" என்றாள் அம்மா. "தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. ஒங்கிட்ட சொன்னா நீ அங்க போயி சண்டைக்கு நிப்பேன்னாரு. இன்னைக்கு இவங்க பாத்தா வெளிய வந்துருமேன்னுதான் யோசிச்சேன்."

சிவரஞ்சனியின் வாயில் நிறைய வந்தது. உள்ளே போனாள். ஃபேனைப் போட்டாள்.

காற்றில் அலமாரி மேலிருந்த தாள் பறந்து தரையில் விழுந்தது. எடுத்தாள். கண்ணைத் தளர்த்தியதும் மொபெட் ஜல்லிக்குள்ளிருந்து எழுந்து நின்றது, ஹேண்டில் பாரில் தூக்குவாளியோடு.

இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

எடுக்க நேரமாச்சு என்று வாசலிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். அவள் கையை எடுக்காமல், தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கிட்டக் கொண்டுவந்தாள். மறுபடி தள்ளிப் பிடித்தாள்.

ஜல்லி ஜல்லியாகவே கிடந்தது.