நீலக் கட்டையில் அப்பா

வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கப்பலின் எஞ்சின் அறையில், கொதிக்கும் குழாய்களுக்கு நடுவே மாதக்கணக்கில் நின்று பழகியவன், மழலையர் பள்ளி வாசலில் இப்படி வெலவெலத்துப் போவதை நினைக்க அவனுக்கே சிரிப்பு வந்தது. விடிந்தால் மறுபடி கப்பல். இந்த விடுமுறை முழுக்க மகள் அவனிடம் மரியாதையாக நடந்துகொண்டாள். அதுதான் அவனை அரித்தது. கேட்டதற்குப் பதில் சொன்னாள், வாங்கித் தந்ததற்கு நன்றி சொன்னாள், தூக்கம் வந்தால் அம்மாவிடம் ஓடினாள். போவதற்குள் ஒருமுறையாவது அவள் தன்மேல் ஏறி மிதிக்க வேண்டும், தலைமுடியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று ஏங்கினான். அதற்காகத்தான், பெற்றோர் வந்து விளையாடலாம் என்று பள்ளியில் சொன்னதும் முதல் ஆளாக வந்து நின்றான்.

"இங்க ஒரே சட்டம்தான் சார்," என்றார் டீச்சர், விரலில் ஒட்டிய களிமண்ணை உருட்டிக்கொண்டே. "பிள்ளைங்க என்ன வேஷம் குடுக்கிறாங்களோ அதை எடுத்துக்கணும். நாய்னா நாய். திருத்தக் கூடாது."

"குரைக்கவே தயாரா வந்திருக்கேன் டீச்சர்."

உள்ளே தண்ணீர்த் தொட்டியருகில் இரண்டு பேர், எந்தக் குவளை பெரியது என்று புனலால் ஊற்றி ஊற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் காலையே ஈர மணலில் புதைத்துவிட்டு, அது முளைக்கக் காத்திருந்தாள். மூலையில், அட்டைப் பெட்டிகளால் கட்டிய வீட்டுக்குள், அவன் மகள் சிட்டு சமைத்துக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, உங்க வீட்டுக்கு யாரோ பெரிய ஆளு வந்திருக்காங்க!" என்று கத்தினான் கண்ணாடி போட்ட பையன்.

"கதவைத் தட்டச் சொல்லு."

தட்டினான். அட்டைக் கதவு கையோடு வந்துவிட்டது.

"அய்யய்யோ, வீட்டைப் பேத்துட்டாரு!"

சிட்டு அடுப்பைவிட்டு எழுந்து வந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வாங்க மாமா. நீங்க விருந்தாளி. இங்க உக்காருங்க."

முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தான். களிமண் உருண்டை வந்தது. பொய்யாக மென்று விழுங்கினான். மாமா என்ற சொல் மட்டும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

"நான் அப்பாவா இருக்கட்டுமா?"

"அப்பாதான் இருக்காரே." அலமாரியில் குவளைமேல் சாய்த்து வைத்திருந்த நீல மரக்கட்டையைக் காட்டினாள். "போன்ல இருக்காரு. சிக்னல் வந்தா பேசுவாரு."

"அது வெறும் கட்டைடா செல்லம். நிஜ அப்பா நான் இங்க இருக்கேன்ல?"

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அவள் கையிலிருந்த கரண்டி நின்றுபோயிற்று. கட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "போச்சு," என்றான் கண்ணாடிப் பையன், பெரிய மனுஷன் மாதிரி. டீச்சர் தூரத்திலிருந்து பார்த்தார். ஆனால் வரவில்லை.

அவன் ஊர்ந்தபடியே வீட்டைவிட்டு வெளியே வந்தான். தரையில் கட்டைகள் இறைந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டையொட்டி நின்ற அந்த அலமாரிக்குப் பின்னால் போய்க் குந்தினான். வெட்கமாக இருந்தது. மெதுவாக, "டிரிங்... டிரிங்..." என்றான்.

இன்னொரு முறையும் அடித்தான். பிறகு, "அப்பாவ்!"

அந்தக் குரல்! கடல் தாண்டி மட்டுமே கேட்ட குரல். வீட்டில் இருந்த இத்தனை நாளில் ஒருமுறைகூட அவன் காதில் விழாத குரல்.

"அப்பா, ஒரு மாமா வந்து கதவைப் பேத்துட்டாரு."

"திட்டினியா?"

"இல்லப்பா, பாவம். அவரு ரொம்பப் பெருசு. இங்க இடமே பத்தல."

"சுருண்டு படுத்துக்குவாரு. இருக்கச் சொல்லலாம்ல?"

அவள் யோசித்தாள். குரலைத் தாழ்த்தி, ரகசியம் போலச் சொன்னாள். "வேணாம்ப்பா. அவரு நாளைக்குப் போயிடுவாரு."

அலமாரித் தட்டுகளின் இடைவெளி வழியாகப் பார்த்தான். அவள் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கட்டையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். கப்பலிலிருந்து போனில் பார்க்கும்போதெல்லாம் பெரிதாக அவள் நெற்றியும் இரண்டு கண்களும்தான் தெரியும். பிடரியில் சுருண்டிருந்த பூனைமுடியையும் காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த களிமண்ணையும் இப்போதுதான் பார்க்கிறான். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் கட்டையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கம் திரும்பி, அவன் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.