நீல நிறக் கம்பிக் கதவு

மின்கணக்கு எடுக்கப் போன தெருக்களில் எல்லாம் அவளுக்கு மீட்டரக்கா என்றுதான் பெயர். வாசல் வாசலாக ஏறி இறங்கி ஒரு இடத்தில் நிற்காதவள். சந்துக்குள் பின்னால் வந்த தண்ணீர் லாரி அவளைச் சுவரோடு நசுக்கியதில், இடது கால் பாதித் தொடையோடு போயிற்று.

முதலில் கொடுத்த செயற்கைக் காலின் முட்டி மடங்காது, பூட்டிக்கொள்ளும். பிறகு பயிற்சி மையத்தில் மடங்கும் முட்டி மாட்டினார்கள். உள்ளே எண்ணெய் உருளை. பாரத்தைக் கொடுத்தால் மெள்ள வளைந்து இறங்கும்.

"அதை நம்பி உட்காரணும்க்கா. பயந்து துள்ளினா கவுத்துடும்," என்றாள் பயிற்சி கொடுத்த பெண்.

ஒருநாள் வீட்டு மாடிப்படியில் அவள் பயந்தாள். அது கவிழ்த்துவிட்டது. நெற்றியில் தையல் விழுந்தது.

கணவர் கிரில் பட்டறை வைத்திருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். காயம் ஆறுவதற்குள் மாடிப்படியின் மேல்முனையில் கம்பிக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டார். கையைக் கிழிக்காதபடி ஓரமெல்லாம் அரம் போட்டு, அவளுக்குப் பிடித்த நீலத்தில் வண்ணமும் அடித்திருந்தார். காலையில் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார்.

"உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"உங்களுக்கு முட்டிக்க இடமில்ல. எனக்கு முட்டி இருந்தும் நடக்க இடமில்ல."

அவர் சிரித்தார். பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போய்விட்டார்.

ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையே அவள் உலகம் சுருங்கியது. யாரைத் திட்டுவது? மத்தியானம் சூடாகச் சாப்பாடு கொண்டுவந்து, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிற மனிதரையா? நாளடைவில் காலை மாட்டுவதையே விட்டாள். அது கதவோர மூலையில் செருப்போடு சாய்ந்து நின்றது.

மையத்தில் தனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தாள். பயிற்சிப் பெண் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். பூட்டைப் பார்த்தாள். மீட்டரக்காவுக்குத்தான் மானம் போயிற்று.

"உட்கார்ந்தே இருந்தா இடுப்பு இறுகிடும்க்கா. அப்புறம் எந்த முட்டி மாட்டினாலும் நிமிர முடியாது. காலை மாட்டுங்க. நடக்க வேணாம். இன்னிக்கு விழலாம்."

"விழவா?"

"விழறதையும் எழுந்திருக்கிறதையும் நான் சொல்லிக்கொடுத்தது பாதிதான். மீதி இருக்கு."

படியில் உட்கார்ந்து கம்பிகளுக்கு வெளியிலிருந்தே அந்தப் பெண் சொல்லச் சொல்ல, மீட்டரக்கா தலையணைகளின் மேல் விழுந்தாள். முதல் தடவை எழ முடியாமல் அழுதாள். மறுநாளும் அந்தப் பெண் வந்தாள். அதற்கடுத்த வாரம் தலையணைகளை ஓரம் கட்டினார்கள்.

ஒரு மத்தியானம் கணவர் சாப்பாட்டுக் கூடையோடு படியேறி வந்தபோது, கால் மாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"கதவைத் திறக்காதீங்க. அங்கயே நில்லுங்க."

"என்ன பண்றே?"

கையை முன்னால் நீட்டி, உடம்பைத் தளர்த்தி, பக்கவாட்டில் தரையில் சாய்ந்து விழுந்தாள். அவர் அலறினார். கூடை உருண்டது. சாவி பூட்டுக்குள் போகவே மாட்டேனென்றது.

"திறக்காதீங்கன்னேன்ல!"

அவள் புரண்டு, நல்ல முட்டியை ஊன்றி, நாற்காலியைப் பிடித்தாள். செயற்கைக் காலைப் பின்னால் நீட்டிவிட்டு, நல்ல பாதத்தை ஊன்றி உந்தினாள். மூச்சு இரைத்தது. எழுந்து நின்றாள்.

கம்பியைப் பிடித்தபடி அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாம்பார் படிப்படியாக வழிந்துகொண்டிருந்தது.

"நீ கீழ கிடந்தது கண்ணுலயே நிக்குது. பட்டறைல வெல்டிங் கண்ணாடி போட்டாலும் தெரியுது."

"எனக்கும் பயம்தாங்க. ஆனா உங்க பயத்தையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்ல."

வெகுநேரம் கழித்துத்தான் பூட்டு திறந்தது. கதவைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. சாவி மட்டும் அவள் இடுப்புக்கு வந்தது.

மறுநாள் மையத்துக்குக் கிளம்பினாள். அவர் முன்னால் இறங்கி, திரும்பி நின்று, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார்.

"தள்ளுங்க. எனக்குப் படி தெரியல."

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கைகளை மட்டும் மடக்கவில்லை. அவள் செயற்கைக் குதிகாலை முதல் படியில் வைத்து, பாரத்தை முட்டிக்குக் கொடுத்து, அதை நம்பி மெல்ல உட்கார்ந்தாள்.