அக்கா என்ன கேட்டாள்

எங்கள் பள்ளத்தாக்குக்குக் கோடையில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அவர்களை வீட்டில் தங்கவைக்கும் பெண்களுக்குக் குளிர்காலத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூட அறையில் வறட்டி எரியும் அடுப்பைச் சுற்றி ஏழு பேர். நான் இலக்கணத்தில் தொடங்குவதில்லை. ஒருத்தி விருந்தாளி, இன்னொருத்தி வீட்டுக்காரி என்று நடிக்கவைப்பேன். டீ வேண்டுமா, ரொட்டி வேண்டுமா என்று எல்லோரும் சேர்ந்து பத்துத் தடவை சொல்வோம். அர்த்தம் பிறகு வரட்டும், முதலில் ஓசை காதில் உட்காரட்டும் என்பது என் முறை.

ஜேவர் மட்டும் வாயே திறக்கமாட்டாள். நாற்பது வயதுக்காரி, வெளியில் அவள் வாய்க்கு ஊரே பயப்படும். மூன்றாவது வாரம் கொஞ்சம் கடிந்துகொண்டேன்.

"டீ வேணுமான்னு கேக்க எதுக்கு டீச்சர் இங்கிலீஷ்? கோப்பையைக் காட்டினா அவனுக்குத் தெரியாதா?" என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் போனீங்களே, எங்க அக்காவைப் பாத்தீங்களான்னு. அதைச் சொல்லிக்குடுங்க."

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான். பஞ்ச காலத்தில் அவள் அக்கா குல்பேகிமை அங்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். எல்லைச் சந்தை கூடும் சனிக்கிழமைகளில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள். சந்தையை மூடி இரண்டு வருடமாகிவிட்டது. அக்காவின் ஊரில் போன் கிடையாது. விசா வைத்திருந்த வெளிநாட்டுக்காரர்கள்தான் பாலத்தைக் கடந்து போய்வந்தார்கள்.

மறுநாளே பாடத்தை மாற்றினேன். அவரவர் கேட்க நினைப்பதையே நடிப்பது என்று வைத்தேன். ஷக்கர்மோ என்பவள் கணவனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, முதுகில் மூட்டையோடு பயணியாக வருவாள். ஜேவர் அவளை மடக்கி, சந்தையில் எடுத்த போட்டோவை நீட்டி, "டிட் யூ சீ மை சிஸ்டர்?" என்பாள். ஷக்கர்மோ இல்லையென்று தலையாட்டினால், "பாத்தேன்னு சொல்லேன்டி, வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று சண்டைக்குப் போவாள். வகுப்பே சிரிக்கும். மார்ச்சுக்குள் அந்தக் கேள்வி அவள் நாக்கில் படிந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலையில் மேய்ச்சல் நிலத்திலிருந்து நான் வீடு திரும்பிய காலையில் ஜேவர் ஓடிவந்தாள். முந்தின நாள் சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரி அவள் வீட்டில் தங்கியிருந்தாளாம். போட்டோவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, இவள் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய, வேகமாகச் சொல்லியிருக்கிறாள். ஜேவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் தேடி வந்திருக்கிறாள், நான் இல்லை. விடிந்ததும் அந்தப் பெண் கிளம்பிப் போய்விட்டாள்.

கேள்வி கேட்கப் பழக்கிய நான், பதிலைக் காதில் வாங்கப் பழக்கவே இல்லை.

"சத்தத்தை மட்டும் வெச்சிருக்கேன் டீச்சர்," என்று ஜேவர் கண்ணை மூடிக்கொண்டாள். "ஷீலாஃப்ட லாட்."

அக்கா நிறையச் சிரித்தாளாம் என்றேன். ஜேவர் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த சத்தத்தில் இரண்டு மகள்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அதற்கடுத்ததில் முழங்கால் வலி. கடைசியாக, "ஷீ ஆஸ்க்டிஃப் யூ," என்றாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அழுதுட்டேன், காதுல ஏறலை. என்ன அர்த்தம்?"

ஏதாவது பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். "'நீங்க'ன்னு தொடங்கி அக்கா ஏதோ கேட்டிருக்காங்க. என்னன்னு அதுல இல்லை."

"கேட்டிருக்கா," என்றாள் ஜேவர். "நான் பதில் சொல்லாம இருக்கேன்."

அந்தக் குளிர்காலம் முதல் பாடமே, "மெதுவாகச் சொல்லுங்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்பதுதான். ஜேவருக்கு அது போதவில்லை. அக்கா என்னென்ன கேட்டிருக்கக்கூடும் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் பழகினாள். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் கல்லறைக்குச் சுவர் எழுப்பியாயிற்று. உன்மேல் கோபம் இல்லை. அந்தக் கடைசிப் பதில் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மே மாதம், பாலத்துக்குப் போகும் ஒரு ஜோடியை வழிமறித்து அத்தனையையும் சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். திரும்பும்போது வேறு வழியாகப் போயிருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் ஜேவர் இன்னும் மாவுக் கையோடு வாசலுக்கு வருகிறாள்.