ஒன்பது நிமிடப் பேரம்

நான்கு வருட ஓட்டத்தின் விலை மூன்று பேட்ஜ். அதிலும் ஒன்று துருப்பிடித்தது.

பல நாட்டு மாணவ வீரர்கள் கூடிய முகாம் அது. காலையில் வகுப்பு, மாலையில் போட்டி. ஆறு வகுப்புக்கும் போய் அட்டையில் ஆறு முத்திரை வாங்காதவர் இறுதிப் போட்டியில் கால் வைக்க முடியாது. சாப்பாட்டு வரிசையிலோ வேறு படிப்பு நடக்கும்: உன் தொப்பிக்கு என் பேட்ஜ், என் பனியனுக்கு உன் பை. துணிக்கடைக்காரர் மகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? பேரத்தில் கடைசிக் காசையும் விடமாட்டாள் என்பதால் அவளுக்குக் கூட்டாளிகள் வைத்த பேரே சில்லறை. ஆறாவது முத்திரை விழுந்த சந்தோஷத்தில், அன்று மதியம் தன் அணி ஜாக்கெட்டைத் தமிழ் பேசும் ஒரு நீச்சல்காரியிடம் தள்ளிவிட்டு மூன்று பேட்ஜ் வாங்கினாள். ஜாக்கெட்டின் உள்பையில் அட்டை இருந்தது.

அது உறைத்தபோது மணி மூன்று ஐம்பது. எண்ணூறு மீட்டர் இறுதிக்கு நாலு பத்துக்கு வாசல் மூடும். முதல் மூன்று இடத்துக்குக் கல்லூரிப் படிப்பு முழுக்க இலவசம். அப்பாவின் கடை மூடி ஒரு வருடமாகிறது. படிக்க அவளுக்கு வேறு வழி கிடையாது.

"போம்மா, ஓடு! இங்க நான் கையக் கால புடிச்சுப் பாக்கறேன்," என்றார் விஷயம் கேட்ட அவள் கோச்.

தேடிப் பிடிக்க ஏழு நிமிடம். நீச்சல்காரி குளத்துப் படியில் அதே ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தாள். அட்டையைக் கேட்கச் சில்லறை வாயெடுத்தாள். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்த புத்தி விடுமா? ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, இது உங்களுக்குத் தொளதொளன்னு இருக்கே. திருப்பி மாத்திக்கலாமா?"

"எனக்கு இப்படித்தான் புடிக்கும்."

"மூணு பேட்ஜையும் குடுத்துடறேன்."

"மதியம் நீதானே அதுங்களுக்காக அந்தப் பேச்சுப் பேசின?"

"என் தொப்பியும் சேத்துக்கோங்க."

"தொப்பி நாலு கெடக்கு. நல்லாப் பேசற, உக்காரு."

நாலு ஒன்று. நாலு மூன்று. பையைப் படியில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலை வைத்தாள். நீச்சல்காரிக்கு விளையாட்டு ருசித்துவிட்டது.

"அந்த ஷூ?" என்று காலைக் காட்டினாள்.

அப்போதுதான் சில்லறை உடைந்தாள். "அக்கா, ஜாக்கெட்ட நீங்களே வெச்சுக்கோங்க. உள்ள என் அட்டை இருக்கு. அது இல்லேன்னா என்னை ஓட விடமாட்டாங்க."

நீச்சல்காரி உள்பையில் கைவிட்டு எடுத்து நீட்டினாள். "அடி லூசு! இதுக்கா? வந்ததுமே கேட்டிருந்தா சும்மா குடுத்திருப்பேனே. ஓடு!"

மணி நாலு ஆறு.

அன்று அந்த முகாமில் யாரும் அப்படி ஓடவில்லை. அளக்கத்தான் ஆளில்லை. வாசலில் கோச் தலையில் கைவைத்து நின்றார். வாசல்காரர் அட்டையை வாங்கி நிதானமாக எண்ணினார்.

"ஆறும் சரியா இருக்கும்மா. நேரந்தான் இல்ல."

"ரெண்டே நிமிஷம் சார்," என்றார் கோச். "புள்ள வாழ்க்கை சார்."

"எனக்கும் புள்ளைங்க இருக்கு சார். நான் என்ன பண்ணட்டும்?"

உள்ளே பேர் வாசித்தார்கள். அவள் பேரைத் தாண்டிப் போனார்கள்.

வரவு: அட்டை ஒன்று, முத்திரை ஆறு, பேட்ஜ் மூன்று. செலவு: ஜாக்கெட் ஒன்று, படியில் மறந்த பை ஒன்று, பாட்டில் ஒன்று, பேரத்துக்கு ஒன்பது நிமிடம். துண்டு விழுந்தது இரண்டு நிமிடம். ஏறக்குறைய, எண்ணூறு மீட்டரை அவள் ஓடி முடிக்கிற நேரம்.