இரண்டாம் பிரதிவாதி பாஞ்சாலி

அப்பன் விட்டுப்போன காவாந்தண்டலத்து நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன் சடையப்பன் மேல் வழக்குப் போட்டபோது, தங்கை பாஞ்சாலியின் பெயரைச் சிட்டம்மாள் வேண்டுமென்றே மறைத்தாள். அப்பனுக்கு இரண்டே பிள்ளைகள் என்று வக்கீலிடம் கூசாமல் பொய் சொன்னாள். பாஞ்சாலி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது? வழக்கில் தங்கை பெயர் ஏறினால் சடையப்பன் அந்த வாசல் மிதிக்கமாட்டான். புருஷன் போனபின் ஊரார் கழனியில் நாற்று நட்டுப் பிழைக்கிற சிட்டம்மாளுக்கு, கிடைக்கிற பங்கில் தங்கைக்கும் பாதி கொடுக்கவேண்டும் என்ற நினைப்பு. இந்த மாதிரி நல்ல மனசெல்லாம் சட்டத்துக்குப் புரியுமா?

சடையப்பன் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. இன்னொரு மகளைச் சேர்க்காத வழக்கு செல்லாதாம். வக்கீல் ஞானதாஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவளையே மறைச்சிட்டீங்களேம்மா! அவங்களையும் ரெண்டாம் பிரதிவாதியாச் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டாத்தான் கேஸ் நிக்கும்."

சிட்டம்மாள் அடுத்த பஸ்ஸிலேயே தங்கை வாழ்க்கைப்பட்ட புள்ளலூருக்கு ஓடினாள்.

"கோர்ட்டுல இருந்து நோட்டீஸ் வரும்டி. மன்சுல வெச்சிக்காத."

"போட்டுக்கோக்கா. உன்ன உட்டா எனக்கு யாரு கீறாங்க?" என்று பாஞ்சாலி சுடச்சுட இட்லி வைத்தாள். சிட்டம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாய்தாவுக்கு உத்திரமேரூர் கோர்ட்டுக்குப் பாஞ்சாலி வந்தாள், சடையப்பனின் காரில். அவள் கொடுத்த பதிலை ஞானதாஸ் வராந்தாவில் படித்துச் சொன்னார். தன் பங்கை அண்ணனுக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். பத்திரத்தின் தேதி, அந்த இட்லிக்கு ஒரு மாதம் முந்தியது. கையெழுத்துப் போட்டால்தான் மாலையோடு வருவேன் என்று சடையப்பன் சொல்லியிருப்பான். அதைக்கூடச் சிட்டம்மாள் மன்னித்திருப்பாள்.

"அவங்க பங்கு போனாப் போவுது. உங்க கல்யாணத்துல அஞ்சு சவரன் ஆரத்த வாங்கிக்கினு நீங்களும் பங்கை உட்டுட்டீங்கன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதான் வம்பு. நெஜமா?"

சிட்டம்மாளுக்கு, அண்ணன் ஏமாற்றியபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"ஆரம் போட்டது நெஜந்தான். பங்குக்குன்னு யாரும் சொல்லல."

"அது இப்ப எங்க கீது?"

அவள் எதிர்த் தூண் பக்கம் கையை நீட்டினாள்.

"அவ கல்யாணத்துல வெறுங்கழுத்தா உக்காரக் கூடாதுன்னு நாந்தான் கழட்டிப் போட்டேன். தோ, முந்தானைய இழுத்துப் போத்திக்கினு நிக்கிறா பாருங்க, அதுக்குள்ளதான் கீது சார்."